பச்சை எரியும்வரை

மாணவியின் ஆர்வத்தை அளக்கும் மணிக்கட்டு விளக்கு மூன்று வாரம் தொடர்ந்து சிவப்பாகவே எரிந்தால் வாத்தியாரின் உரிமம் பறிபோகும். நிதர்சனாவுக்குத் தவில் சொல்லிக்கொடுக்கும் சிங்காரவேலுவுக்கு இது மூன்றாவது வாரம். வேடிக்கைக் கதையெல்லாம் சொல்லிப் பார்த்தார், சிவப்புதான். எரிச்சலில் அவள் தவில் குச்சியால் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். விளக்கு பச்சையானது.

அவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். “பாடத்த இதுல வாசி பாப்பா.”

தோல் கிழிந்து ரத்தம் வேட்டியில் இறங்கியது. எட்டிப்பார்த்த அவள் அம்மா, “இப்பத்தான் சார் இவளுக்கு ஆர்வமே வந்திருக்கு” என்றாள்.

சிங்காரவேலு பல்லைக் கடித்துக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவள் ஓர் அடிகூடப் பிசகவில்லை.

“அப்படித்தான்” என்றார். “இப்ப அதையே ரெண்டு மடங்கு வேகத்துல.”