ஆர்லன் மாமா கிளம்புகிறார்

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் கீழ்க் கதவைக் கழற்றிவிட்டு, சரியாகப் பொருத்தாமல் சும்மா சாத்திவைத்தது நான்தான். அந்தத் தகட்டுக் கதவு ‘டக்’கென்று உட்காராவிட்டால் எந்திரம் ஓடாது. எங்கள் ஊர் பெமிட்ஜி ஏரி கல்லாக உறைந்து கிடக்கிற ஜனவரியில், வீடு ஐஸ் பெட்டியாக மாற அதிக நேரம் பிடிக்காது.

எல்லாம் ஆர்லன் மாமாவுக்காகத்தான். என் மனைவி மார்லிஸின் தாய்மாமன். ஃபர்னஸ் ரிப்பேர் பார்த்தே ஓய்வு பெற்றவர். நவம்பரில் வான்கோழி விருந்துக்கு வந்தவர் இன்னும் என் சாய்வு நாற்காலியில்தான் இருக்கிறார். நான் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, கதவிடுக்கு வழியாகப் பாதி ஹாக்கி பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளியைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வராது. மாமா தினமும் இரண்டு முழங்காலையும் தட்டி, “சரி, அப்போ...” என்பார். நாங்கள் மரியாதைக்கு, “அதுக்குள்ள என்ன மாமா? காபி போடறோம்” என்போம். அவர் ஜன்னல் வழியே ஏரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

இன்று காலை ரேடியோவில், ராத்திரி குளிர் மைனஸ் முப்பதுக்கும் கீழே இறங்கும் என்றார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கோப்பையைக் கீழே வைத்தோம். எனக்கு அப்போதுதான் யோசனை வந்தது. குளிர் தாங்காமல் தன் வீட்டுக்குப் போய்விடுவார். யாரும் யாரையும் விரட்டியதாக ஆகாது.

மத்தியானத்துக்குள் மூச்சு விட்டால் புகை வந்தது. மாமா முழங்காலைத் தட்டினார். “சரி, அப்போ... வீடு குளிருது. நான் இருந்தா உங்களுக்குச் சிரமம்...”

இத்தனை நாள் காத்திருந்த வாக்கியம்! என் பாழாய்ப்போன வாய் என்ன சொன்னது தெரியுமா?

“நீங்க இருக்கறப்போ ஃபர்னஸ் எம்மாத்திரம் மாமா!”

மேசைக்கு அடியில் மார்லிஸ் உதைத்த உதை இன்னும் வலிக்கிறது. மாமா ஒரு பெருமூச்சு விட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு பலிக்குப் போகிற ஆடு மாதிரி கீழ்த்தளத்துக்கு இறங்கினார்.

பின்னாலேயே ஓடினேன். அவர் தொப்பியைக் கழற்றி, கேஸ் குழாய்க்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்த மஞ்சள் கைப்பிடியில் மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள், என் முழங்காலால் கதவை ஒரு முட்டு முட்டினேன். ‘டக்.’

ஃபர்னஸ் மூச்சே விடவில்லை.

எனக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. நிஜமாகவே கெடுத்துவிட்டேனா? ராத்திரிக்குள் சரியாகாவிட்டால் தண்ணீர்க் குழாயெல்லாம் உறைந்து வெடித்துவிடுமே!

“கெட்டுப்போச்சா மாமா?”

“ஒரு மாதிரியாத்தான் இருக்கு மாப்பிள்ளை.”

“சரியாயிடுமா?”

“இதைவிட மோசமாவும் பாத்திருக்கேன்.”

இதற்கு மேல் எங்கள் ஊர்க்காரரிடமிருந்து ஒன்றும் கறக்க முடியாது. ஃபில்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தீ பற்றியதா என்று கண்டுபிடிக்கும் கம்பியை எஃகு நாரால் நிதானமாகத் தேய்த்தார். என்னை வெளியே அனுப்பி, காற்றுக் குழாய் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். அடைத்திருக்கவில்லை; என் மூக்குதான் அடைத்துக்கொண்டது.

திரும்பி வந்தால், போர்வையைச் சுற்றிக்கொண்டு மார்லிஸ் படியில் நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து இரண்டு பேட்டரிகளை மெதுவாக வெளியே எடுத்தாள்.

“மேல சுவத்துல இருக்கே, சூட்டைக் கூட்டிக் குறைக்கற பெட்டி, அதோடது. துடைக்கலாம்னு எடுத்தேன்.”

“பேட்டரியைத் துடைக்கவா?” என்றேன்.

“ஏன், தூசி படாதா?” என்றவள் என் காதோரம் குனிந்து, “நீ என்ன பண்ணே?” என்றாள்.

“கதவு” என்றேன், உதடு அசையாமல்.

அவள் ஓடிப்போய் பேட்டரியைப் போட்டாள். உள்ளே சின்ன விசிறி உறுமியது. பற்றவைக்கும் கம்பி ஆரஞ்சு நிறத்தில் கனிந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ‘களுக்.’ அணைந்துவிட்டது. தீயைக் காணோம். மறுபடி உறுமல், மறுபடி கனிவு, மறுபடி களுக்.

நானும் மார்லிஸும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் குற்றம் இரண்டுதான், இரண்டையும் திருத்தியாகிவிட்டது. இது யார் செய்த பாவம்?

சிமென்டுத் தரையில் மண்டியிட்டிருந்த மாமாவின் முதுகு நடுங்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை. என் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டேன்.

“மாமா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இந்த ஒரு தடவை சுத்தி வளைக்காம சொல்லுங்க. என்னதான் கோளாறு?”

மாமா என் கோட்டைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து போய்த் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அதுவரை அதைத் தாங்கியிருந்த மஞ்சள் கைப்பிடியைக் குழாயோடு குழாயாகத் திருப்பினார். ஃபர்னஸுக்குள் நீலத் தீ ‘புஸ்’ஸென்று வரிசையாக ஓடியது.

பிறகு நின்றபடியே குனிந்து, முழங்கால் இரண்டையும் தட்டினார்.

“கேஸை அடைச்சது நான்தான் மாப்பிள்ளை. வேற எப்படி என்னை விடுவீங்க?”