இருபது நிமிடத்தில் வேளாங்கண்ணி

"நாகப்பட்டினம் போன வாரமே தாண்டியாச்சு," என்று சகாயநாதன் அறிவித்தார்.

அவர் நின்றது கடலூரில். சிதம்பரம் ரோட்டில் ஒரு ஜிம்மின் முதல் மாடியில், ட்ரெட்மில்லின் மேல், வெறுங்காலோடு.

தண்ணீர் பாட்டில் வைக்கிற குழியில் சின்னதாக ஓர் ஆரோக்கிய மாதா சொரூபம். பெல்ட் அதிரும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து ஆடியது.

போன வருடம் மனைவி ஆரோக்கிய ராணியைப் புதுச்சேரியில் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்ட்ரெச்சரோடு கூடவே ஓடியபடி அவர் நேர்ந்துகொண்டார். இவள் பிழைத்து வந்தால் கடலூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் தாயே. வராண்டா முழுக்கக் கேட்டது. எதையும் மெதுவாகச் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

பிழைத்துவிட்டாள்.

நடக்கத்தான் நேரமில்லை. இரண்டு டைல்ஸ் ஷோரூம். வணிகர் சங்கத்துக்குத் தலைவர். மாதா கோயில் பங்குப் பேரவைக்குத் துணைத் தலைவர். மைக் இருக்கிற எல்லா இடத்துக்கும் சிறப்பு அழைப்பாளர். ஒரு வாரம் ரோட்டில் நடந்தால் ஊர் என்ன ஆகும்?

மே மாதம் ஜிம் மாஸ்டர் பாலகுமாரிடம் கேட்டார். "பிஸியான ஆளுங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம்பா போதும்?"

"இருபது நிமிஷம் சார். ஒழுங்கா செஞ்சா போதும்."

உடம்புக்குப் போதும் என்றுதான் பாலகுமார் சொன்னான். மாதாவுக்கும் போதும் என்று முடிவெடுத்தது சகாயநாதன். பங்குத்தந்தையிடம் கேட்டதற்கு அவர் வெகுநேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "ஷூ போட்டுக்குங்க, வழுக்கும்," என்றார். சகாயநாதன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஷூவை மட்டும் மறுத்துவிட்டார். நேர்ச்சை என்றால் நேர்ச்சைதான்.

மெஷின் காட்டுகிற கிலோமீட்டரைத் தினமும் கூட்டிக் கணக்கு வைத்து, ஜூனிலேயே சிதம்பரத்தைத் தாண்டினார். கொள்ளிடம் பாலத்தை ஒரு பேங்க் மேனேஜரைத் திட்டிக்கொண்டே கடந்தார். சீர்காழியில் வயிறு சரியில்லாமல் மூன்று நாள் தங்கல். காரைக்காலை எட்டிய அன்று மச்சான் அந்தோணிசாமி, "அங்க வரைக்கும் போயிட்டு வெறுங்கையோடயா வந்தீங்க மாமா?" என்று மனம் நொந்தான்.

இன்று கடைசி நாள்.

வேளாங்கண்ணித் திருவிழாக் கொடியேற்றம் முடிந்ததும் ராணிக்கு ஸ்கேன். அதற்குள் நேர்ச்சை முடிந்தாக வேண்டும். குறை வைத்துக்கொண்டு அந்த ரிப்போர்ட்டைப் பிரிக்க அவருக்குத் தைரியமில்லை. இந்த ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் உரக்கச் சொன்னதில்லை.

வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். போனைப் பார்த்தார். போனை வைத்துவிட்டு மறுபடி போனைப் பார்த்தார். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

எதிரே டீக்கடை. அதன் முன்னால் காவி கட்டிய ஒரு கூட்டம் நிஜமாகவே வேளாங்கண்ணிக்குப் போய்க்கொண்டிருந்தது. மைக் கட்டிய சின்னத் தேரைத் தள்ளிக்கொண்டு, கையில் பன் பாக்கெட்டோடு, நொண்டிக்கொண்டு.

"பாவம், பிளானிங் இல்லாத ஜனங்க," என்றார்.

மெஷினில் கடைசிக் கிலோமீட்டரின் எண் மாறியது. பாலகுமார் கை தட்டினான். டம்பல்ஸைக் கீழே வைத்துவிட்டு நாலு பேர் கை தட்டினார்கள். அந்தோணிசாமி லட்டு டப்பாவைத் திறந்தான். அவன் முகத்தில் மட்டும் திருவிழாக் களை இல்லை.

ராணியிடம் சொல்ல வேண்டும். இந்த வாரம் சங்க மாநாட்டு வேலையில் அவளிடம் பேசவே முடியவில்லை. இரவு திரும்பும்போது அவள் படுக்கிற கீழறைக் கதவு சாத்தியிருக்கும். உடம்பு தேறி வருகிறவளை எழுப்பலாமா? காலையில் மேஜைமேல் ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கும். குடும்பம் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

போன் போட்டு, ஊரே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ஸ்பீக்கர் வேணாம் மாமா," என்றான் அந்தோணிசாமி, லட்டைப் பார்த்தபடி.

"ராணி! வேளாங்கண்ணி வந்துட்டேன்!"

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. யாரோ மைக்கில் "மரியே" என்க, ஒரு கூட்டம் "வாழ்க" என்றது.

"அப்படிங்களா," என்றாள் ராணி. மூச்சு வாங்கியது. "நான் இப்பதாங்க சிதம்பரம் வந்தேன்."

ஜிம்மில் அலறிக்கொண்டிருந்த பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

"சிதம்பரமா? எப்ப கெளம்புன?"

"முந்தாநேத்து காலைல. சொல்லிட்டுப் போலாம்னு வாசல்ல நின்னேன். நீங்க போன்ல இருந்தீங்க."

எத்தனையோ மேடை கண்ட வாய் திறந்தது.

"அப்போ... இட்லி?"

"வேலைக்கு வர்ற ஜோதி மேரிதாங்க வெக்கிறா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பாலகுமார் மெஷினை நிறுத்தக் கை நீட்டினான். சகாயநாதன் அந்தக் கையைத் தள்ளிவிட்டார். நின்றால் விழுந்துவிடுவார் போலிருந்தது.

"உன்னால முடியுதா ராணி?" அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி அந்த ஜிம் கேட்டதில்லை.

"முடியலதான். உக்காந்து உக்காந்து வர்றேன். ஸ்கேன் வருதில்ல? மாதா உங்க மெஷின் கணக்க ஒத்துக்கலன்னா என்னா பண்றது? பயமா இருந்திச்சு, அதான் நானே வந்துட்டேன்." கொஞ்சம் தண்ணீர் குடிக்கிற சத்தம். "இருபது நிமிஷம் ஆயிருக்கும், எறங்குங்க."

போன் அடங்கியது.

சகாயநாதன் இறங்கவில்லை. வேகத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். சொரூபம் கடகடவென்று ஆடியது. வெறுங்கால்கள் பெல்ட்டில் அறைந்தன.

ஜன்னலில் அதே டீக்கடை.