தட்டோரக் கல்

ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் சாப்பாட்டைக் குறை சொல்லக்கூடாது. சோற்றில் கல் அகப்பட்டால் சத்தமில்லாமல் விழுங்கிவிட வேண்டும். எடுத்துத் தட்டோரம் வைத்தாலே தண்டனைதான். அன்று அதிகாரி மேசையை நெருங்கியபோது, அவன் தன் தட்டிலிருந்த கல்லைப் பக்கத்து நண்பனின் தட்டுக்கு நைசாகத் தள்ளிவிட்டான்.

"யாரோட கல்லு இது?"

'என்னோடது சார்' என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. நண்பன் அவனை ஒரு பார்வை பார்த்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். தண்டனையாக உச்சி வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடினான். சுருண்டு விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அரிசியைப் பொறுக்கிப் புடைத்துத்தான் உலையில் போடுகிறார்கள். யார் வாயிலும் கல் அகப்படுவதில்லை. பயிற்சி முடியும்வரை இடம் மாறக்கூடாது என்பதால், அவன் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகவே கிடக்கிறது.

இன்று மதியம் அவன் தட்டோரத்தில் ஒரு கல் இருந்தது. அதில் எச்சில் ஈரம் காயவில்லை.

அதிகாரி வந்து நின்றார். "யாரோட கல்லு இது?"

இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். சொல் வரவில்லை.

பக்கத்திலிருந்த காலி நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது. வெளியே, வெயிலில், யாரோ ஓடத் தொடங்கும் பூட்ஸ் சத்தம் கேட்டது.