ஐந்தாவது கையெழுத்து

"ஐயா, நீங்க ஒருத்தர் சரின்னு சொன்னாப் போதுங்க. தீபாவளிக்குள்ள ரெக்கார்டு எல்லார் கையிலயும் இருக்கும்."

அஸ்தம்பட்டியிலிருந்து சங்ககிரி வரை வெயிலில் பைக் ஓட்டி வந்த மணிமாறன், நாற்காலியில் சரியாக உட்காருமுன்பே பேச்சைத் தொடங்கிவிட்டான். கூட வந்த பிரீத்தி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் 'கல்மழை' ரசிகர் குழுவை முகநூலில் நடத்துபவர்கள். குழுவைத் தொடங்கிய 'சங்ககிரி பாலா'வை இன்றுதான் நேரில் பார்க்கிறார்கள். யாரோ கல்லூரிப் பையன் என்று நினைத்து வந்தவர்களுக்கு, நரைத்த மீசையும் வேட்டியுமாக லாரி புக்கிங் ஆபீஸ்காரர் பாலசுந்தரம் கதவைத் திறந்த திகைப்பு இன்னும் போகவில்லை.

கல்மழை, சேலத்துக் கல்லூரி நண்பர்கள் ஐந்து பேரின் இசைக்குழு. பதினைந்து வருடங்களுக்கு முன்னால் 'ஏழாவது வளைவு' என்று ஒரே ஓர் ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துபோனது. அதைப் பெரிய கறுப்பு இசைத்தட்டாக, வெளிவராத பாட்டுகளும் புகைப்படப் புத்தகமும் சேர்த்து, மறுபடி கொண்டுவர வேண்டும் என்று இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் பாட்டைப் பற்றி உருகி உருகி எழுதுவார்கள். பாலசுந்தரம் இசைத்தட்டுக் கம்பெனிக்கு மனு எழுதுவார். இசைக்குழுவின் ஐந்து பேரும் சம்மதக் கையெழுத்துப் போடாமல் வெளியிடக் கூடாது என்று அந்த மனுவில் எழுதி வைத்தவரும் அவர்தான்; கம்பெனியும் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தது. இப்போது எல்லாம் அந்த ஒரு வரியில் வந்து நின்றுவிட்டது.

"நாலு பேர் போட்டுட்டாங்க" என்றான் மணிமாறன். "டிரம்ஸ் அன்பரசு மட்டும் எங்க போனாருன்னே தெரியல. கூட வாசிச்சவங்களுக்கே தெரியல."

"தேடச் சொல்லு."

"நீங்க கேட்டீங்கன்னுதான் ஒரு மாசம் தேடுனாங்க. இன்னிக்கு கெடு முடியுது. நீங்க அந்த வரிய எடுத்துட்டா நாலு கையெழுத்தோட வெளியிடறாங்களாம். இல்லன்னா மொத்தத்தையும் மூட்டை கட்டிருவாங்களாம்."

"கட்டட்டும்."

பிரீத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏனுங்கய்யா இப்படி? அட்டை நிறத்த மாத்தக் கூடாதுன்னீங்க. பாட்டு வரிசைய மாத்தக் கூடாதுன்னீங்க. எல்லாத்துக்கும் அவங்க தலையாட்டுனாங்கல்ல?"

"நிறம், வரிசை எல்லாம் அவங்க இஷ்டத்துக்கு மாத்திக்கட்டும் சாமி. கையெழுத்து அஞ்சு வேணும்."

வெளியே கோவை சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறை வாசலிலேயே நின்றாள்.

"அம்மாவுக்கு நம்ம பஞ்சாயத்து புடிக்கல போல" என்று பிரீத்தியிடம் முணுமுணுத்த மணிமாறன், பாலசுந்தரம் பக்கம் திரும்பினான். "குரூப்ல உங்களுக்கு வச்சிருக்கற பேரு தெரியுங்களா? செக்போஸ்ட்."

"நல்ல பேருதான்."

"சிரிப்பு இல்லைங்கய்யா. எங்கக்கா பிரசவத்துக்குப் படுத்திருந்தப்ப இந்தப் பாட்டத்தான் கேட்டுட்டு இருந்துச்சு. இப்படி ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதை இருக்குது. யாரோ ஒரு டிரம்ஸ்காரருக்காக இத்தன பேரு ஆசையில மண்ணப் போடறீங்களே! அந்த ஆளு செத்துட்டாரோ என்னமோ."

"அப்படின்னா அதையும் எழுத்துல குடுக்கச் சொல்லு."

மணிமாறன் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். "உங்க மனசு கல்லுங்க."

பிரீத்தி அவன் கையை அழுத்தி அடக்கினாள். பாலசுந்தரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காப்பியில் ஆடை படிந்திருந்தது.

பிரீத்தியின் கைபேசி அடித்தது. கம்பெனியின் ஜெயபிரகாஷ். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"முடிஞ்சுதும்மா. ஆளப் புடிச்சாச்சு. குவாஹாட்டியில ஒரு பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு டிரம்ஸ் சொல்லிக் குடுக்கறாரு. மொதல்ல பேசவே மாட்டேன்னுட்டாரு. உங்க ஒருத்தர் கையெழுத்துக்காகத்தான் இத்தன ஆயிரம் பேர் காத்திருக்காங்கன்னு சொன்னோம். அப்புறம் போட்டு அனுப்பிட்டாரு. போட்டோவும் குடுத்தாரு, பாருங்க."

மணிமாறன் துள்ளி எழுந்தான். பிரீத்தி படத்தைத் திறந்து பாலசுந்தரத்திடம் நீட்டினாள்.

அவர் கைபேசியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். விரலால் திரையைத் தடவினார். படம் நழுவி வேறெங்கோ போய்விட்டது. பிரீத்தி எட்டி அதை மறுபடி கொண்டுவந்து கொடுத்தாள். அதன் பிறகு அவர் திரையைத் தொடவில்லை. கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கோவிச்சுக்காதீங்கய்யா, தெரியாமப் பேசிட்டேன்" என்றான் மணிமாறன். "நீங்க ஜெயிச்சுட்டீங்க. உங்களுக்குப் புடிச்ச பாட்டு எதுன்னு சொல்லுங்க, இப்பவே போடறேன்."

"எது வேணா போடு சாமி. நான் இன்னும் ஒண்ணுகூடக் கேட்டதில்ல."

மணிமாறன் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தான். பாலசுந்தரம் எழுந்து சமையலறை வாசலுக்குப் போனார். கைபேசியை மனைவியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"பாரு சின்னாயி, நம்ம பையன் உசுரோடதான் இருக்கறான். தாடி உட்டிருக்கறான்."