பெரிய படம்

“நினைவஞ்சலி பேனர்ல உங்க படத்தைப் பெருசாப் போட்டுடறேன் மொதலாளி. எங்க வூட்டுக்காரர் படம் ஓரமா இருந்தா போதும்,” என்றாள் சரோஜினி.

மரக்கடை முதலாளி தயாளனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வியாபாரிகள் சங்கத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கணவன் லாசரஸின் முதலாண்டு நினைவு நாளில் இரும்புலியூர் முனையில் தன் முகம் தெரிந்தால் நல்லதுதானே?

“இன்னா எழுதறதுன்னுதான் தெரியல. நீங்களே சொல்லுங்க.”

தயாளன் செல்போனை எடுத்து, அவளுக்கு வாய்ஸ் மெசேஜாகவே பேசி அனுப்பினார். “எங்கள் கடைக்காக இருபது வருடம் காடு மேடெல்லாம் அலைந்து மரம் வெட்டி, தானே லாரி ஓட்டிக் கொண்டுவந்து, கடைசி மூச்சு வரை எங்களிடமே வேலை பார்த்த உழைப்பாளி, அன்புத் தம்பி லாசரஸுக்குக் கண்ணீர் அஞ்சலி.”

சரோஜினி அதை மறுபடி போட்டுக் கேட்டாள். கண்கள் நிறைந்தன.

“அழாதம்மா. அவன் எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி.”

நினைவு நாளன்று காரில் முனைக்கு வந்த தயாளன், பேனரைக் காணாமல் அவளுக்குப் போன் செய்தார். “எங்கம்மா பேனர்?”

“லேபர் கோர்ட்ல கீது மொதலாளி, நஷ்டஈடு கேசுக்கு எங்க வக்கீல் கைல. உங்க கடைல கட்டை உருண்டு அவரு செத்தன்னிக்கு, ‘இவன் என் ஆளே இல்ல, யாரோ விறகு பொறுக்க வந்தவன்’னு போலீஸ்ல சொன்னீங்களே, ஞாபகம் கீதா?”

“அந்த வாய்ஸ் மெசேஜை மொதல்ல அழிச்சிடும்மா,” என்றார் தயாளன்.

“உங்க குரலையும் குடுத்துட்டேன். படம் நல்லாப் பெருசா வந்துக்கீது மொதலாளி.”