ஒரு நாய் குறையுது

"நிறுத்து, டுவேன்! வண்டியை ஓரங்கட்டு. பாவம், லவோன் நடுரோட்டுல நிக்கிறா!"

டுவேன் பிரேக்கை மிதித்தான். காது சரியாகத்தான் கேட்டதா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. எந்த நாய்க் கண்காட்சியில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற லவோனையா அவன் மனைவி மார்லிஸ் 'பாவம்' என்கிறாள்?

சோளக்காட்டு ஓரமாக, இவர்களுடையதைப் போலவே கட்டிலும் அடுப்பும் வைத்த லவோனின் வீட்டுவண்டி முன்மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் அவளுடைய செயின்ட் பெர்னார்டு நாய் பட்டன், கன்றுக்குட்டி உடம்பும் எச்சில் துடைக்கக் கழுத்தில் கட்டிய துண்டுமாக உட்கார்ந்திருந்தது. அவள் புருஷன் ஆர்லோ மடக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தூண்டில் நரம்பில் விழுந்த முடிச்சை நிதானமாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

டுவேன் ஸ்பானர் பெட்டியோடு இறங்கப் போனான். மார்லிஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அதையெல்லாம் நோண்ட நேரமில்ல. ஏறு லவோன், பட்டனையும் ஏத்து. கண்காட்சிக்கு நாங்க கூட்டிட்டுப் போறோம்."

"ஐயோ, உனக்கெதுக்கு சிரமம், மார்லிஸ் செல்லம்?" என்றாள் லவோன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"ஆர்லோ, நீ வரலையா?" என்று டுவேன் கேட்டான்.

"என்னைப் பத்திக் கவலையே படாதீங்க" என்றான் ஆர்லோ. அவன் முகத்திலும் கவலை எதுவும் தெரியவில்லை.

பெட்ரோல் போட நிறுத்தியபோதுதான் டுவேனுக்கு மனைவியிடம் தனியாகப் பேச வாய்த்தது. "என்ன, திடீர்னு மனசு இளகிடுச்சு? உள்ள படுத்திருக்கானே நம்ம நாய் பிஷப், அவனைக் 'கம்பளி போர்த்தின பன்னி'ன்னு சொன்னவ அவ."

"மெதுவாப் பேசு. பிஷப்புக்கு சாம்பியன் பட்டம் வர இன்னும் ஒரே ஒரு பெரிய வெற்றி வேணும். நம்ம செயின்ட் பெர்னார்டு இனத்துல ஏழு ஆண் நாய் போட்டி வளையத்துல இறங்கினாத்தான் அது பெரிய வெற்றி. பேர் கொடுத்திருக்கிறதே ஏழுதான். இவ வரலைன்னா ஒரு நாய் குறையுது. அப்புறம் ஜெயிச்சும் பிரயோஜனமில்ல."

"அடுத்த மாசம் இன்னொண்ணு வருதே?"

"இடுப்பு மூட்டு தேயுது, இதோட நிறுத்திக்கங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரே. பிஷப்புக்கு இதுதான் கடைசி." மார்லிஸ் ஜன்னல் வழியே குனிந்து பிஷப்பைப் பார்த்தாள். உடனே நிமிர்ந்துகொண்டாள். "பட்டனோட மூஞ்சி ஜெயிக்கிற மூஞ்சியா? தலை எண்ண ஒரு தலை, அவ்வளவுதான்."

வண்டி கிளம்பியதும் லவோன் ஆரம்பித்தாள். "ஏசியைக் கொஞ்சம் கூட்டேன். பட்டனுக்கு வேர்க்குது."

"நாய்க்கு எங்க வேர்க்கும்?" என்ற டுவேனின் இடுப்பில் மார்லிஸ் இடித்தாள். ஏசி கூடியது. டுவேன் சட்டை மேல் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டினான்.

அயோவா எல்லையைத் தாண்டுவதற்குள் மார்லிஸின் தலையணை முழுக்கப் பட்டனின் எச்சில். மத்தியானத்துக்கென்று அவள் சுட்டு வைத்திருந்த எலுமிச்சை கேக்கில் பாதி லவோனின் வயிற்றில். மார்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்து லவோனின் மூக்கு விடைத்தது. "ஈரல் வாசனை வருதே?"

"அது பிஷப்போடது. கையில அதைக் காட்டினாத்தான் அவன் வளையத்துல நிமிர்ந்து நிப்பான்."

"பட்டனுக்கும் ஈரல்னா உசுரு. கேட்டுக் கொடுக்கலைன்னா முரண்டு புடிச்சுப் படுத்துக்குவான். அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் வளையத்துல இறங்க மாட்டான்."

'இறங்க மாட்டான்' என்றது காதில் விழுந்ததுமே மார்லிஸ் ஈரல் முழுவதையும் டப்பாவோடு தூக்கி நீட்டினாள்.

மைதானத்தில் எல்லாம் நல்லபடியாகத்தான் தொடங்கியது. "ஏழும் வந்தாச்சு" என்று வளையத்தைக் கவனிக்கிற ஊழியர் குரல் கொடுத்தபோது மார்லிஸ் கண்ணை மூடி மூச்சு விட்டாள். ஓட்டத்தில் பிஷப்பை அடிக்க ஆளில்லை. நடுவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஆனால் அசையாமல் நிற்க வேண்டிய நேரத்தில் பிஷப் மார்லிஸின் வெறுங்கையை முகர்ந்து பார்த்தது. பக்கத்தில் லவோன் பையிலிருந்து ஒரு துண்டு ஈரலை எடுத்து உயர்த்தினாள். பட்டன் சிலை மாதிரி நின்றது. பிஷப் அந்த வாசனை வந்த பக்கம் திரும்பி, நடுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாக்கைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்துவிட்டது.

நடுவரின் விரல் பட்டனைக் காட்டியது. அந்தப் பெரிய வெற்றி லவோனுக்குப் போனது.

வெளியே வந்ததும் மார்லிஸ் வெடித்தாள். "உன்னை அந்த ரோட்டுலயே விட்டுட்டு வந்திருக்கணும்டி!"

"விட்டிருக்க மாட்டே, செல்லம்" என்றாள் லவோன், ரிப்பனை நீவிக்கொண்டே. "ஏழு வரைக்கும் எனக்கும் எண்ணத் தெரியும்."

அப்போது அவளுடைய வீட்டுவண்டி சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நின்றது. ஜன்னல் வழியே ஆர்லோ, வாயெல்லாம் பல்லாக, ஒரு முழ நீள மீனைத் தூக்கிக் காட்டினான்.

டுவேன் ஒருத்தனுக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை. "நல்லவேளை, வண்டி சரியாயிடுச்சு! என்ன ரிப்பேரு, லவோன்?"

"ரிப்பேருன்னு யாரு சொன்னா?"