அந்தி ஜெபக் காவல்

"நில்லு லூபே! சங்கு ஊதினது காதுல விழலையா?"

பெசாமினோ ரோட்டின் குறுக்கே தடியை நீட்டினார்.

அந்தி ஜெபத்துக்குச் சங்கு ஊதிவிட்டால் அந்த சமோவா கிராமத்தில் ஈ, காக்காய் நடமாடக் கூடாது. வீட்டுக்கு வீடு ஜெபம். சபை டீக்கனான பெசாமினோ மட்டும் தம்பி தோமாவோடு ரோட்டில் காவல் நிற்பார்.

"விழுந்துச்சுய்யா. அவசரமா போகணும்," என்றாள் லூபே. கையில் எண்ணெய்ப் போத்தல்.

"கடவுளுக்கு அடங்காதவளுக்கு அப்படி என்னடி அவசரம்?"

"அவர் குடுத்த கை சும்மா கெடக்க மாட்டேங்குதே."

"கையாம் கை! எண்ணெய் தடவுறது, இலை கட்டுறது, எல்லாம் பேயைக் கும்பிட்ட காலத்து வேலை. நிறுத்துன்னு சபையிலயே சொன்னேனா இல்லையா? நாளைக்கு ஊர்க்கூட்டத்துல வைக்கிறேன். ஊரை விட்டே போகணும் நீ!"

"கூட்டத்துலயே பேசிக்கலாம்யா," என்றவள் தென்னை மரங்களுக்கு நடுவே நழுவிவிட்டாள்.

தோமா சிரித்தான். "அண்ணே, உங்களுக்கே டிமிக்கி குடுத்துட்டாளே!"

"யார் வீட்டுல நுழையிறான்னு பாத்துட்டு வரேன். அந்த வீட்டுக்கும் ஒரு பன்னி அபராதம்!"

ஆவேசமாகப் பின்தொடர்ந்தாரே தவிர, உள்ளுக்குள் பயம் பிடுங்கியது. வாதத்தில் கால் விழுந்து படுத்திருக்கும் மனைவி சுலியாவுக்காகப் பொழுது விடியுமுன்பே முழங்காலில் நிற்கிறவர் அவர். போன ஞாயிறுதான் அவள் கால்விரல் அசைந்தது. சபை நடுவே அழுதுகொண்டே சாட்சி சொன்னார். இந்தப் பாவத்தைப் பார்த்துக் கடவுள் கோபித்துக்கொண்டு, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டால்?

லூபே ஒரு வீட்டின் பின்பக்கச் சமையல் கொட்டகை வழியாக உள்ளே நுழைந்தாள்.

பெசாமினோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் வீடு!

"ஐயோ, வலிக்குதுக்கா!" சுலியாவின் குரல்.

"வலிக்கட்டும். உசுரு வருதுன்னு அர்த்தம்."

"அவரு வர்றதுக்குள்ள போயிடுக்கா. அவரு வீட்டுல இல்லாதது இந்த நேரம் மட்டும்தான். தெரிஞ்சா உன்னை ஊரை விட்டே தொரத்திடுவாரு. பாவம், தன்னோட ஜெபத்துலதான் கால் அசையுதுன்னு நெனச்சிட்டிருக்காரு."

"அதுல என்ன தப்பு? அவரு கேட்டாரு, கடவுள் என்னை அனுப்புனாரு. நான் வரலைன்னாதான் கடவுளுக்கு அடங்காதவ. ம்... என் தோளைப் புடி. ஒரு அடி வை பாப்போம்."

மட்டைச் சுவரின் இடுக்கு வழியே பெசாமினோ பார்த்தார். சுலியா நின்றாள். நடுங்கிய இடது காலைத் தூக்கி முன்னால் வைத்தாள்.

அவர் அழுகைச் சத்தம் வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு, வந்த வழியே ரோட்டுக்கு ஓடினார்.

"என்னண்ணே, புடிச்சீங்களா? சரி விடுங்க, நேரமாச்சு. எல்லாரும் ஜெபம் முடிச்சிருப்பாங்க, வீட்டுக்குப் போகலாம்."

பெசாமினோ அவன் தோளை அழுத்திப் பிடித்தார்.

"இருடா, இன்னும் கொஞ்ச நேரம் நிப்போம். எங்க வீட்டுல ஜெபம் இன்னும் முடியல."